கூதிர்க்கால விருந்தினர்: ஏனாத்தூர் வீடொன்றில் கண்டவை

குளிர்காலம் என்றவுடன் நம் விலங்கியல் பாடநூல்கள் காட்டும் காட்சி ஒன்று உண்டு. நிலமெங்கும் பனிக்கட்டி, இலையுதிர்ந்த மரங்கள், வளைக்குள் சுருண்டு மாதக்கணக்கில் உறங்கும் விலங்குகள். தேர்வுக்காக இவற்றையெல்லாம் நாமும் மனப்பாடம் செய்து எழுதிவிடுகிறோம். ஆனால் காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரில் பிறந்து வளர்ந்தவனுக்கு அந்தக் குளிர்காலம் படத்தில் பார்த்ததே தவிரப் பட்டறிந்தது அன்று. இங்கே மார்கழி விடியலிலும் வெப்பம் பெரும்பாலும் 20 பாகை அளவுக்குத்தான் இறங்கும். அதற்கே நம் ஆயாமார்கள் காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொள்வார்கள்!

நமது குளிர்காலம் உண்மையில் இரண்டு காலங்கள். முதலில் ஈரக் குளிர், பின்னர் பனிக் குளிர். இந்த வேறுபாட்டைத் தமிழர் நன்கு உணர்ந்திருந்தனர். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர், மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி என்று பகுத்தனர். வடகிழக்குப் பருவக்காற்று அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை தரும் நாடு இது. ஆகவே இங்குள்ள உயிர்கள் குளிருக்கு அஞ்சி உறங்குவதில்லை. மழைக்கு அஞ்சி இடம் பெயர்கின்றன. மழையால் மகிழ்ந்து பெருகவும் செய்கின்றன. அவற்றுட் சில நம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகின்றன. அவ்வாறு எங்கள் மாமா வீட்டுக்கு வந்த விருந்தினர்களைப் பற்றியதே இக்கட்டுரை.

நக்கீரர் பாடிய நெடுநல்வாடை 188 அடிகளைக் கொண்ட பாட்டு. அதைத் தமிழ் வகுப்பில் படித்தபோது, இது ஒரு விலங்கியலார் எழுதிய குறிப்பேடு போல இருக்கிறதே என்று வியந்தேன். வெள்ளத்துக்கு அஞ்சி ஆநிரையை மேட்டு நிலத்துக்கு ஓட்டிச் செல்லும் கோவலர், நெருப்பில் கை காய்ச்சிக்கொள்கின்றனர். குளிரில் கறவை தன் கன்றையே உதைத்துத் தள்ளுகிறது. இரை தேடப் போகாத வீட்டுப் புறாக்கள், இரவா பகலா என்று அறியாமல் இறப்பில் கால் மாற்றி நிற்கின்றன. கால் வலித்து இடமும் வலமுமாக மாற்றி நிற்கும் புறாவைக் கண்டு சொல்ல வேண்டுமானால், மழை நாளில் நெடுநேரம் கூரையையே பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

மாமா வீடு நாட்டு ஓடு வேய்ந்த பழைய வீடு. முன்னே திண்ணை, அடுத்துத் தறிக்கூடம், பின்கட்டில் சமையல், அதற்கும் பின்னே கிணறு, மாட்டுக்கொட்டகை, வைக்கோற்போர். அதைத் தாண்டினால் வயல். வயலுக்கு அப்பால் ஏரிக்கரை. தறிக்கூடத்தில் இருப்பது குழித்தறி. நெசவாளர் தரை மட்டத்தில் அமர்ந்து கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிகட்டையை மிதிப்பார். தறியை அறியாத நண்பர்களுக்காக இதைச் சொல்கிறேன்; நான் கூறப்போவது அனைத்தும் அந்தக் குழியைச் சுற்றியே நடந்தது.

ஐப்பசி மழை தொடங்கினால் பட்டு நெசவாளர்க்குத் துன்பகாலம். பாவைத் தெருவில் நீட்டி விரித்துக் கஞ்சி போட்டு வெயிலில் உலர்த்த இயலாது. ஈரக் காற்றில் பட்டிழை தளர்ந்து ஒட்டிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாகத் தறிக்குழியில் நீர் ஊறத் தொடங்கும். வெளியிலிருந்து வழிந்து வருவதன்று; நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்து அடியிலிருந்தே சுரப்பது. காலையில் மொண்டு கொட்டினால் மாலையில் மீண்டும் முழங்கால் அளவுக்கு நிற்கும். 2015 நவம்பர், டிசம்பர் மாதங்களில் பெய்த பெருமழையின்போது வாரக்கணக்கில் தறி ஓடவில்லை. கூலி நெசவுக்காரர்க்குத் தறி ஓடாத வாரம் அடுப்பு எரியாத வாரமே.

தறி நின்ற அந்தக் குழியில் வேறொரு தொழில் தொடங்குகிறது. முதல் மழைக்குப் பின் வரும் அந்திப்பொழுதில் புற்றிலிருந்து ஈசல் கிளம்பும். விளக்கொளியை நாடிக் கூடத்துக்குள் வந்து இறகுதிர்த்துத் தரையில் ஊரும். ஈசலைத் தின்னச் சுவர்ப்பல்லிகள் இறங்கும். வாசல் வழியே தேரைகள் தத்தி வரும். குழியில் நீர் இருப்பதால் தவளைகளும் வந்து குடியேறும். பாவிலுள்ள கஞ்சிப் பசையை நாடிக் கரப்பானும் எலியும் எப்போதும் அங்கு உண்டு. வயல் வளைகளில் நீர் புகுந்துவிட்டபடியால் வயலெலிகளும் அவற்றோடு சேர்ந்துகொள்ளும். பல்லியைத் தின்ன ஓநாய்ப்பாம்பு வரும். எலியைத் தின்னச் சாரையும் நாகமும் வரும். தவளையைத் தேடித் தண்ணீர்ப்பாம்பு வரும். இவற்றின் பின்னே, பல்லி, எலி, தவளை மட்டுமின்றிப் பிற பாம்புகளையும் விழுங்கும் கட்டுவிரியன் ஓசையின்றி வந்து சேரும். உணவுச் சங்கிலி என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் கற்கிறோமே, அந்தச் சங்கிலியின் எல்லாக் கண்ணிகளையும் ஆறடி நீளமுள்ள ஒரு குழியில் நான் கண்டிருக்கிறேன்.

பல்லியைப் பற்றி இடையே ஒரு சொல். வரதராசப் பெருமாள் கோயிலில் உள்ள தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டு வணங்க எங்கெங்கிருந்தோ மக்கள் காஞ்சிக்கு வருகின்றனர். உயிருள்ள பல்லி தோளில் விழுந்தாலோ பஞ்சாங்கத்தைப் புரட்டுகின்றனர். சத்திமுற்றப் புலவரும் நாரையைத் தூது விட்ட பாட்டில், நனைந்த சுவர்க் கூரையில் பல்லியின் ஒலிக்காகக் காத்திருக்கும் தம் மனைவியைக் காட்டுகிறார். மழைக்காலத்து ஏழை வீட்டில் பல்லி இல்லாமல் இராது என்பது அவர் அறிந்த செய்தி. தென்குமரிக்கு வந்து வடதிசை மீளும் செங்கால் நாரையையும் அவர் அறிந்திருந்தார். வலசை என்பது நமக்குப் பிறர் கற்றுக்கொடுத்த பாடம் அன்று.

வலசை என்றதும் வேடந்தாங்கல் நினைவுக்கு வரும். உத்திரமேரூர் வழியாகச் சென்றால் எங்கள் ஊருக்கு எட்டாத தொலைவன்று. 2019-இல் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது அது செங்கல்பட்டு மாவட்டத்தில் அமைந்தது. 1790-களில் அங்கு வந்து பறவைகளைச் சுட்டவர்கள் மீது ஊரார் முறையிட, அப்போதைய ஆட்சியர் லயனல் பிளேஸ் 1798-இல் ஏரியின் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு எழுதிக் கொடுத்தார். 1858-இல் அவ்வுரிமை மீண்டும் உறுதி செய்யப்பட்டது. ஊரார் இதைப் பறவைகளின் மீதுள்ள அன்பினால் மட்டும் செய்யவில்லை. எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதைக் கண்ணால் கண்டவர்கள் அவர்கள். கணக்குத் தெரிந்த அன்பு நெடுநாள் நிலைக்கும் என்பது என் எண்ணம். 2022-இல் வேடந்தாங்கலும் அதை அடுத்த கரிக்கிலியும் பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன.

வேடந்தாங்கலில் கூடு கட்டும் கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் எங்கள் ஏரிக்கும் வயலுக்கும் இரை தேட வருவதுண்டு. நத்தைகுத்தியின் அலகை அருகில் பார்த்தவர்கள் அறிவர்: இரு அலகுகளுக்கு நடுவே சிறு இடைவெளி இருக்கும். வயல் நத்தையின் ஓட்டை உடைக்காமலே உள்ளிருக்கும் சதையை அது இழுத்தெடுத்துவிடும். குளிர்காலத்தில் ஊசிவால் வாத்தும் கிளுவையும் ஆசியாவின் வட பகுதிகளிலிருந்து இறங்குகின்றன. இவையெல்லாம் பெரிய பறவைகள், பலரும் எழுதியிருக்கின்றனர். நான் சொல்ல விரும்புவது வீட்டுக்குள்ளேயே வந்துவிட்ட ஒரு சிறு பறவையைப் பற்றி.

ஓர் ஐப்பசி விடியலில் தறிக்கூடத்தின் மூலையில், நூற்கண்டுகளுக்கு நடுவே அது ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. “பொம்மை மாதிரி இருக்குது, வந்து பாரேன்” என்று ஆயா அழைத்தார். பச்சை முதுகு, சிறகில் நீலத் திட்டு, கண்ணின் குறுக்கே கரும்பட்டை, வயிற்றின் கீழே குங்குமச் சிவப்பு, வெட்டிவிட்டாற் போன்ற குட்டை வால். பட்டுச் சேலைக்கு நிறம் தேர்பவர்கூட இத்தனை நிறங்களை ஒரே இடத்தில் சேர்க்கத் தயங்குவார். அதுதான் ஆறுமணிக் குருவி. காலையிலும் மாலையிலும் ஏறக்குறைய ஆறு மணிக்கு இருமுறை சீழ்க்கையடிப்பது போலக் கூவுவதால் வந்த பெயர். தோட்டக்கள்ளன் என்றும் சொல்வர். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்குத் தென்னாட்டுக்கும் இலங்கைக்கும் வருகிறது. எடை 50 முதல் 60 கிராம் அளவே. இரவில் பறந்து வரும் இச்சிறு பறவை, களைத்துப்போய் விளக்கு வெளிச்சமுள்ள வீடுகளில் இறங்கிவிடுவது அவ்வப்போது நிகழ்வது. அப்போது காக்கைக்கும் பூனைக்கும் அது எளிய இரை. அதன் வாயைத் திறந்து நீரோ பாலோ ஊற்றுதல் கூடாது, மூச்சுக்குழலில் புகுந்துவிடும். அட்டைப்பெட்டியில் காற்றுத் துளையிட்டு, இருட்டில் அமைதியாக வைத்திருந்தோம். மாலையில் கிணற்றடி மாமரத்தின் கீழ்த் திறந்துவிட, சருகைக் காலால் இரண்டு முறை கிளறிவிட்டுப் புதருக்குள் மறைந்தது. தை முடியும்வரை அந்தச் சீழ்க்கையொலியைக் கேட்டோம். அதே பறவைதான் என்று ஆயா சொல்வார். நான் மறுத்ததில்லை.

தவளைகளைப் பற்றிப் பலவும் எழுதலாம். மழை வந்ததும் ஆண் காளைத்தவளை மஞ்சள் நிறம் கொள்வதையும், தொண்டையின் இருபுறமும் நீலப் பைகள் உப்புவதையும் ஏரிக்கரையில் கண்டு மகிழலாம். ஒருகாலத்தில் இவற்றின் கால்கள் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாயின. 1987-இல் அரசு அதைத் தடைசெய்தது. மழைக்குப் பின் செம்மண்ணில் ஊரும் சிவந்த தம்பலப்பூச்சியை எங்கள் தெருப் பிள்ளைகள் ‘பட்டுப்பூச்சி’ என்று அழைத்துத் தீப்பெட்டியில் வைத்துக்கொள்வர். அதற்கும் பட்டுக்கும் தொடர்பில்லை. அது எட்டுக் கால் கொண்ட உண்ணி இனம், பூச்சியே அன்று. பட்டு நெய்யும் ஊரிலேயே இக்குழப்பம் என்பது வேடிக்கை.

இனிக் கட்டுவிரியனுக்கு வருகிறேன்.

2009 கார்த்திகையில் நடந்தது. நான் பள்ளி மாணவன். அன்றிரவு நல்ல மழை. நீர் மேலேறிப் பாவை நனைத்துவிடுமோ என்று அஞ்சிய மாமா, இடையிடையே எழுந்து மொண்டு கொட்டுவதற்காகத் தறிக்கூடத்திலேயே பாய் விரித்துப் படுத்தார். விடியற்காலை மூன்று மணியளவில் வயிற்றுவலி என்று எழுந்தார். ஆயா ஓமத்தண்ணீர் கொடுத்தார். வாந்தி எடுத்தார்; தொண்டை அடைப்பதாகச் சொன்னார். ஐந்து மணிக்கு அவருடைய இமைகள் தாமாகத் தாழ்ந்தன. “தூக்கம் போதலை, கண்ணைத் திறக்கவே முடியலைம்மா” என்று குழறினார். உடம்பில் காயமில்லை, வீக்கமில்லை, வலியும் இல்லை. பாம்பாக இருக்கும் என்ற எண்ணம் எவருக்கும் தோன்றவில்லை. பாயை உதறியபோது கூடத்து மூலையில் வரியுள்ள பாம்பொன்று ஓடியது. உடனே அதை அடித்துக் கொன்றார்கள். மந்திரிப்பவர் ஒருவரை அழைக்க ஆள் போனது. அவர் வந்து வேப்பிலை அடித்து முடிக்க ஒரு மணி நேரம் கழிந்தது. மாமாவுக்கு மூச்சு திணறத் தொடங்கிய பின்னரே ஊர்தி வந்தது. மருத்துவமனையில் நஞ்சுமுறி மருந்து ஏற்றினர், மூச்சுக்கருவி பொருத்தினர். நான்காம் நாள் கண் திறந்தார்.

கட்டுவிரியன் கடியின் இயல்பே இதுதான். அதன் பற்கள் குட்டையானவை. கடித்த தடம் கண்ணுக்குத் தெரியாமலும் போகும். வலி மிகக் குறைவாதலால் உறங்குபவர் விழிப்பதில்லை. நஞ்சு, நரம்பு முனையிலிருந்து தசைக்குச் செய்தி செல்வதைத் தடுக்கிறது. முதலில் இமை, பின் நா, தொண்டை, இறுதியில் மூச்சுத்தசை என்று ஒவ்வொன்றாகச் செயலிழக்கின்றன. நரம்பு முனை ஒருமுறை சிதைந்தபின் நஞ்சுமுறி மருந்து அதைச் சீராக்காது. எனவேதான் காலத்தே மருந்து ஏறவேண்டும். காலம் தாழ்ந்தாலும், மூச்சை மட்டும் கருவி கொண்டு காத்துவிட்டால் நரம்பு மெல்ல மீளும், ஆள் பிழைப்பார். ஆகவே தரையில் படுத்தவர் மழைக்கால விடியலில் வயிற்றுவலியோடு எழுந்து, இமை தாழ்ந்தால், கடிவாய் தெரியாவிட்டாலும் பாம்புக்கடி என்றே கருதி விரைதல் வேண்டும். கீறுதல், உறிஞ்சுதல், இறுகக் கட்டுதல் மூன்றும் தீங்கு. கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து 108-ஐ அழைப்பதே செய்யத்தக்கது.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் இறந்ததாக 2020-இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000. இறப்பில் பெரும்பகுதி சிற்றூர்களில், மழை மாதங்களில். 2024-இல் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக்கியது. மருத்துவமனைகள் ஒவ்வொரு கடியையும் பதிவுசெய்து தெரிவிக்க வேண்டும் என்பது அதன் பொருள்.

மாமாவின் உடம்பில் ஏறிய மருந்து எங்கிருந்து வருகிறது என்பதையும் மாணவர் அறியவேண்டும். மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்குகிறது. 1970-களில் பாம்புத்தோல் வணிகம் தடைசெய்யப்பட்டபோது பிழைப்பிழந்த இருளர்களின் கைத்திறனை நஞ்செடுக்கும் பணிக்குத் திருப்பினார் ரோமுலஸ் விட்டேக்கர். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கைப் பிடித்து, சில வாரங்கள் வைத்து, வாரம் ஒருமுறை நஞ்செடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு மீண்டும் காட்டிலேயே விடுகின்றனர். அந்நஞ்சைச் சிறுசிறு அளவாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் குருதியில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்து மருந்தாக்குகின்றனர். வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இரு இருளர்க்கு 2023-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. பாம்பின் தடத்தை ஈரமண்ணில் படிக்கத் தெரிந்தவர்கள் எழுத்தைப் படிக்க வாய்ப்பில்லாமல் வளர்ந்தனர் என்பது நமக்கு நாணம் தரவேண்டிய செய்தி.

அன்று அடித்த பாம்பை எங்கள் வேலியில் தொங்கவிட்டிருந்தார்கள். நான் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். கழுத்தருகே வெள்ளைப் பட்டைகள் அகலமாக இருந்தன. வாலை நோக்கிச் செல்லச் செல்ல மங்கி மறைந்தன. அது மனத்தில் பதிந்துவிட்டது. பல ஆண்டுகள் கழித்துக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இரண்டு கண்ணாடிக் குடுவைகளை ஆசிரியர் அருகருகே வைத்தார். கட்டுவிரியனுக்குப் பட்டைகள் வால்புறம் தெளிவாகவும் கழுத்தருகே மங்கியும் இருக்கும். முதுகின் நடுவரிசைச் செதில்கள் பெரியனவாய் அறுகோணமாய் இருக்கும். ஓநாய்ப்பாம்புக்கு நேர்மாறு, பட்டைகள் கழுத்தருகே தெளிவு, வால்புறம் மங்கல். அதற்கு நஞ்சில்லை. குடுவையைக் கையில் வைத்துக்கொண்டு நான் பேசாமல் நின்றதன் காரணம் ஆசிரியருக்குத் தெரியாது. நாங்கள் கொன்றது பல்லி தின்ன வந்த ஓநாய்ப்பாம்பை. கடித்தது அந்தக் கூடத்திலேயே எங்கோ இருந்தது. அதன்பின் எத்தனை இரவுகள் ஆயாவும் நானும் அங்கே படுத்திருந்தோம்!

இந்த வேறுபாட்டைப் படித்துவிட்டு எவரும் பாம்பருகே குனிந்து பட்டையை எண்ணவேண்டாம். பட்டை மங்கிய விரியன்களும் உண்டு. ஐயமிருந்தால் விரியன் என்றே கொள்க.

விடுமுறையில் ஊருக்குச் சென்றதும் மாமாவிடம் இதைச் சொன்னேன். அவர் வியப்படையவில்லை. “அப்போ அது நம்மகூடவேதான் இருந்திருக்குது” என்றார். அடுத்த வாரமே கயிற்றுக்கட்டில் ஒன்று கூடத்துக்கு வந்தது. கொசுவலையும் கட்டினார், வலையின் ஓரத்தைப் படுக்கையின்கீழ்ச் செருகிவிட்டால் பாம்பும் புகாது, நேபாளத்தில் செய்த ஆய்வொன்றும் இதையே காட்டியிருக்கிறது. விறகைச் சுவரோரம் அடுக்குவதை நிறுத்தினார். தறியில் அமரும்முன் கைவிளக்கைக் குழிக்குள் காட்டி, கழியால் மிதிகட்டையைத் தட்டிவிட்டுத்தான் காலை இறக்குவார். வைக்கோற்போரில் இருக்கும் சாரையை எவரும் அடிக்கக்கூடாது என்றும் சொல்லிவிட்டார். ஊருக்கு வெளியே பாழடைந்த மண்டபத்தில் வாழும் கூகை இணையைச் சாக்குருவி என்று சிலர் கல்லெறிந்து விரட்டுவதை மட்டும் அவரால் நிறுத்த முடியவில்லை. அது கக்கிய உருண்டை ஒன்றை நான் நீரில் ஊறவைத்துப் பிரித்தபோது மூன்று எலி மண்டையோடுகள் கிடைத்தன. அவற்றைத் தாளில் ஒட்டி மாமாவிடம் கொடுத்தேன். பாவைக் கடித்த எலியால் ஒருமுறை பெரும் நட்டமடைந்தவர் அவர். தெருவில் போவோரையெல்லாம் அழைத்து அந்தத் தாளைக் காட்டினார்.

சென்ற மார்கழியில் ஒரு நாள் அதிகாலை மாமா தொலைபேசியில் அழைத்தார். குரல் தாழ்ந்திருந்தது. கட்டிலில் இருந்தபடியே விளக்கடித்துப் பார்த்ததாகவும், படைமரத்தின் கீழே ஒன்று சுருண்டு கிடப்பதாகவும் சொன்னார்.

“பட்டை கழுத்துகிட்ட இருக்குதா, வால்கிட்டயா மாமா?”

“வால்கிட்டதான்டா. கழுத்துல ஒண்ணையும் காணோம்.”

கட்டிலை விட்டு இறங்க வேண்டாம் என்றேன். தீயணைப்பு நிலையத்துக்கு ஆயாவே சொல்லிவிட்டாராம். அதற்குள் பக்கத்து வீட்டுப் பையன் கழியோடு வந்து நிற்க, மாமா அவனை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தார். வீரர்கள் வந்து கொக்கியால் எடுத்துப் பையில் இட்டுக்கொண்டு போனார்கள். குழியில் நின்ற நீரை மொண்டு கொட்டிவிட்டுப் பகல் பதினோரு மணிக்குத் தறியில் உட்கார்ந்ததாக மாலையில் மீண்டும் அழைத்துச் சொன்னார்.